பத்தாவது குளிர்காலத்துக்கு ஒரு பெட்டி

தோங், 1997 பிப்ரவரி 11

ரிஸ்பெக்குக்கு,

அண்ணி சைரகான் எழுதுவது. ஃபோன் பண்ணினால் நாம் இரண்டு பேரும் கத்துவோம். தபாலாபீஸ் பெண் காது கொடுத்துக் கேட்டு ஊர் முழுக்கச் சொல்வாள். அதனால்தான் காகிதம். பஸ் டிரைவர் ஒஸ்மோன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கரகோலில் அவன் வண்டியைத் திருப்புவதே உன் பட்டறை வாசலில்தானே.

உன் அண்ணனுக்கு நினைவு விருந்து வைத்த அன்று, அத்தனை பேர் நடுவில் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "கழுகு இந்த வீட்டு ஆம்பளைக்குச் சொந்தம். பொம்பளைக்கு எதுக்கு? கோழி வளக்கச் சொல்லுங்க." நான் சொன்னதும் உனக்கு மறந்திருக்காது. "இருபது வருஷமா ஊரான் பறவைக்கெல்லாம் பெட்டி அடிக்கிறியே, ஒரு நாளாவது ஒரு பறவை உன் கையில உக்காந்திருக்கா?" நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். நாலு மாதம் ஆயிற்று. சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. நீயும் வாங்கிக்கொள்ள மாட்டாய். அது கிடக்கட்டும்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு பெட்டி வேண்டும். நம் வேட்டைக் கழுகு தூமாருக்கு. அவள் நம் வீட்டுக்கு வந்து பத்துக் குளிர்காலம் முடியப்போகிறது. பத்து முடிந்தால் விட்டுவிட வேண்டும் என்பது உங்கள் அப்பா காலத்து வழக்கம், அவருக்கு முந்தியும் அதுதான். சாகிறதுக்கு முன்னால் உன் அண்ணன் கெமெல் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "பத்து முடிஞ்சதும் தூரமா கொண்டுபோய் விடு. கிட்ட விட்டா திரும்பி வந்து கூரை மேல உக்காந்துக்கும்." நான் அத்-பாஷிக்கு அப்பால் கொண்டுபோகப் போகிறேன். இரண்டு நாள் பாதை. அவள் வழியைப் பார்க்கக்கூடாது. வண்டி ஓட்டுவது நான். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் கழுகு என்று உட்கார முடியாது.

இந்த ஏரியைச் சுற்றி உன்னைவிட நல்ல பெட்டி செய்கிறவன் இல்லை. இதை நான் சந்தோஷமாக எழுதவில்லை.

சைரகான்


கரகோல், பிப்ரவரி 14

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. ஒஸ்மோன் அதைக் கொடுக்கும்போது, "உங்க அண்ணி முகமே சரியில்ல, உள்ள என்ன வெடிகுண்டா?" என்று கேட்டான்.

பெட்டி செய்ய மாட்டேன்.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன், பிறகு ஊரில் யாரும் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்ல வேண்டாம். தூமார் ஒன்பது குளிர்காலம்தான் வேட்டையாடியிருக்கிறாள். அண்ணன் போன பிறகு இந்த வருடம் அவளைப் பறக்கவிட அந்த வீட்டில் ஆள் இல்லை. கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்த குளிர்காலத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அண்ணனுக்குப் பிறகு பறவை தம்பிக்கு என்பதும் வழக்கம்தான். வழக்கம் பேசுகிறவர்கள் முழுசாகப் பேச வேண்டும்.

நான் அவளை வைத்துக்கொள்ளக் கேட்கவில்லை. விற்கக் கேட்கவில்லை. ஒரு குளிர்காலம் கேட்கிறேன். அந்த ஒன்றை முடித்துவிட்டு நானே கொண்டுபோய் விடுகிறேன்.

அப்பா அண்ணனுக்குக் கழுகுக் கையுறை கொடுத்தார். எனக்கு இழைப்புளி கொடுத்தார். அன்றைக்கு எனக்குப் பதினாறு வயது. ஒரே ஒரு தடவை, அண்ணன் கல்யாணத்துக்கு முந்தின வருடம், அவர் அப்போது வைத்திருந்த கழுகைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். "உன் கை நடுங்குதுடா தம்பி," என்று சிரித்தார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. நீங்கள் விருந்தில் சொன்னது பொய் இல்லை. அதனால்தான் தட்டைத் தள்ளினேன்.

மார்ச்சில் நோருஸ் பண்டிகை முடிந்ததும் ஷேராலி பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பெரியவர் வார்த்தையை நீங்களும் தட்ட முடியாது. தூமாரைத் தயாராக வையுங்கள்.

ரிஸ்பெக்


தோங், பிப்ரவரி 20

ரிஸ்பெக்,

ஷேராலி பெரியப்பாவைக் கூட்டிவா, தாராளமாகக் கூட்டிவா. அவருக்கு என் கையால் பொரித்த ரொட்டி பிடிக்கும். சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்.

நீ செய்யாவிட்டால் பெட்டி கிடைக்காதா? நானே செய்துவிட்டேன். கெமெலின் ரம்பம் இருக்கிறது, சுத்தியல் இருக்கிறது, எனக்கு இரண்டு கை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட பெஞ்சுப் பலகை கேட்டேன், கொடுத்தார்கள். மூன்று நாள் வேலை. கட்டைவிரல் நகம் ஒன்று போயிற்று, அது வளர்ந்துகொள்ளும்.

நல்ல விசாலமாகச் செய்திருக்கிறேன். பாவம், இரண்டு நாள் அடைபட்டுக் கிடக்கப்போகிறாள், இறக்கையை விரித்துச் சோம்பல் முறிக்கவாவது இடம் வேண்டாமா? முன்பக்கம் கம்பி வலை அடித்து ஒரு ஜன்னல் வைத்தேன், காற்று நன்றாக வருகிறது. அதற்கு ஒரு துணித் திரை தைத்திருக்கிறேன். கீழே ஒரு சாண் உயரத்துக்கு மரத்தூள். உள்ளே நீல பெயின்ட் அடித்து இரண்டு பூச்சு கொடுத்தேன், நேற்றுதான் காய்ந்தது. பார்க்க மணப்பெண்ணின் பெட்டி மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டு பர்ச்சா வந்து பார்த்துவிட்டு, "இவ்ளோ அழகா இருக்கே, எங்க பேத்திக்குத் தொட்டில் ஒண்ணு செய்யேன்" என்றாள்.

இதை உனக்கு எழுத வேண்டிய அவசியம் இல்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதினேன்.

சைரகான்


கரகோல், பிப்ரவரி 22

அண்ணி,

தயவுசெய்து அந்தப் பெட்டியை அடுப்பில் போடுங்கள். இன்றைக்கே போடுங்கள். வேண்டாம், பெயின்ட் அடித்திருக்கிறீர்கள், அடுப்பில் போட்டாலும் புகை உங்களைக் கொன்றுவிடும். பர்ச்சாவின் பேத்திக்கே கொடுத்துவிடுங்கள்.

இறக்கை விரிக்க இடமா? வண்டி ஒரு குழியில் விழுந்தால் அவள் இறக்கையை விரிப்பாள். விரித்தால் பலகையில் அடிபடும். அடிபட்டால் இறகு ஒடியும். அத்-பாஷி வரைக்கும் எத்தனை குழி என்று உங்களுக்குத் தெரியுமா? பெட்டி பெரிசாக இருப்பது இரக்கம் இல்லை அண்ணி. விரிக்க முடியாத அளவு ஒடுக்கமாக, திரும்ப முடிகிற அளவு இடமாக இருக்க வேண்டும். அகலம் மூன்று சாண், நீளம் நாலு சாண், உயரம் நாலரை. உங்கள் சாண் இல்லை, அண்ணனுடைய சாண்.

கம்பி வலை வைத்தவரை என் பட்டறைப் பக்கம் விடமாட்டேன். வெளிச்சம் தெரிந்த பக்கம் முட்டி முட்டி மூக்கைக் கிழித்துக்கொள்வாள். ஜன்னலே கூடாது. காற்றுக்கு அடியில், அவள் கால் மட்டத்துக்குக் கீழே, இரண்டு பக்கமும் விரல் நுழையும் அளவுக்கு எட்டு எட்டு ஓட்டை. பின்பக்கம் மேலே நாலு. வெளியிலிருந்து ஓட்டைக்கு முன்னால் ஒரு சின்னப் பலகை, இரண்டு விரல் தள்ளி. காற்று வளைந்து போகும், வெளிச்சம் போகாது. இருட்டில் கழுகு தூங்குகிற மாதிரி அமைதியாக உட்காரும், கண்ணை மூடும் தொப்பிகூட வேண்டாம்.

மரத்தூள் மூச்சில் போகும். பெயின்ட் நாற்றம் நெஞ்சில் போகும். பள்ளிக்கூடப் பெஞ்சில் எத்தனை ஆணி செத்து உள்ளே கிடக்கிறது என்று பார்த்தீர்களா?

இதெல்லாம் பறவைக்காக எழுதினேன். நீங்கள் அவளைக் கொண்டுபோகச் சம்மதித்தேன் என்று அர்த்தம் இல்லை. நோருஸ் முடிந்ததும் வருகிறேன்.

ரிஸ்பெக்


தோங், மார்ச் 3

ரிஸ்பெக்,

பெட்டி பர்ச்சா வீட்டுக்குப் போய்விட்டது. அதில் அவள் உருளைக்கிழங்கு போட்டு வைத்திருக்கிறாள். உனக்குத் திருப்திதானே.

இரண்டாவது பெட்டி செய்கிறேன். மலை ஃபிர் மரம், இறைச்சி கொடுத்து மாற்றாக வாங்கினேன். கெமெலின் சாண் எனக்குத் தெரியும், அவர் மேல்கோட்டுக் கை அவர் சாணுக்கு மூன்று, அதை வைத்து அளந்துகொண்டேன்.

அந்தக் கோட்டைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லக்கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தார். ஆனால் நீ ஒன்பது, ஒன்பது என்று எண்ணிக்கொண்டே இருக்கிறாய். சத்தியம் உயிரோடு இருந்த மனிதருக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

போன வருடக் குளிர்காலத்தில் எல்லோரும் கெமெலை மலை முகட்டில் குதிரைமேல் பார்த்தார்கள் இல்லையா? கையில் தூமார், தலையில் நரித்தோல் தொப்பி. நீயும் ஒரு தடவை பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டு, "அண்ணன் தேறிட்டார் போல" என்று சொல்லி அனுப்பினாய். அன்றைக்கு உன் அண்ணன் வீட்டில் படுத்திருந்தார், எழுந்து உட்கார இரண்டு தலையணை வேண்டும். முகட்டில் இருந்தது நான். அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு. "நான் படுத்துட்டேன்னு ஊருக்குத் தெரியக்கூடாது" என்றார். முதல் நாள் கையுறை எனக்குப் பெரிசாக இருந்தது. உள்ளே சாக்ஸ் போட்டுக்கொண்டேன். அவள் எடையில் மணிக்கட்டு ஒடிந்துவிடும் போல இருந்தது. நீ என்னவோ கை நடுங்குவதைப் பெரிய குறையாக எழுதியிருக்கிறாய். என் கை மார்ச் மாதம் வரை நடுங்கியது. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை.

இந்த வருடமும் நான்தான் அவளை வேட்டைக்கு விட்டேன், கோட்டு மட்டும் என்னுடையது. ஏழு நரித்தோல் உள்ளறையில் தொங்குகிறது. வந்தால் எண்ணிப் பார். கொட்டகையில் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பத்து முடிந்தது. உனக்குக் கொடுக்க அவளிடம் குளிர்காலம் எதுவும் மிச்சம் இல்லை, ரிஸ்பெக்.

பலகைகளை ஆணியால் சேர்ப்பதா, திருகாணியா? கோபத்தில் பதில் எழுதாமல் இருந்துவிடாதே. நான் பாட்டுக்கு ஆணி அடித்துவிடுவேன்.

சைரகான்


கரகோல், மார்ச் 6

அண்ணி,

ஆணி கூடாது. திருகாணியும் கூடாது. வண்டி அதிர அதிர ஆணி நகர்ந்து உள்ளே மூக்கை நீட்டும். மர முளை வையுங்கள். பிர்ச் மரத்தில் சுண்டுவிரல் கனத்துக்குச் செதுக்கி, அடுப்புப் பக்கத்தில் ஒரு நாள் காய வைத்து, துளையில் அடியுங்கள். பசை வேண்டாம், நாறும். முளை நன்றாக இறங்கினால் பசையே தேவையில்லை.

பெட்டியை வண்டியில் குறுக்காக வையுங்கள். அவள் முகம் வண்டி போகிற திசையில் இருக்கக்கூடாது. பிரேக் போட்டால் முன்னால் கவிழ்வாள். பக்கவாட்டில் இருந்தால் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு எடையை மாற்றிக்கொள்வாள். கிளம்புகிற அன்று காலையில் தீனி வேண்டாம்.

கோட்டு விஷயம். அன்றைக்குப் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி வர நினைத்தேன். இறங்கியிருந்தால் தெரிந்திருக்கும். என்னிடம்கூடச் சொல்லவில்லையே அண்ணன். சாகக் கிடந்தவருக்கு உடம்பு நன்றாகிவிட்டது என்று நினைத்து, நான் அந்த மாதம் வந்து பார்க்கவே இல்லை.

நீங்கள் எழுதியது பொய் என்று சொல்லவில்லை. ஆனாலும் உரிமை உரிமைதான். பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவரும் புறப்படத் தயார். நான் பின்வாங்கினால் கரகோலில் என் முகத்தில் யார் முழிப்பார்கள்?

உட்காரும் கட்டைக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை.

ரிஸ்பெக்


தோங், மார்ச் 12

ரிஸ்பெக்,

கட்டைக்கு மண்வெட்டிக் காம்பை அறுத்து வைத்தேன். நீ இதைப் படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொள்வாய் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். தூமாரை ஏற்றிப் பார்த்தேன். பிடித்தாள், வழுக்கினாள், என்னைத் திரும்பிப் பார்த்தாள். தேநீரில் உப்புப் போட நான் மறந்துபோனால் கெமெல் பார்ப்பாரே, அதே பார்வை.

பெட்டி மற்றபடி நன்றாக வந்திருக்கிறது. முளை அறுபத்து நாலு. ஓட்டைக்கு முன்னால் பலகை வைத்து, உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன், குழி மாதிரி இருட்டு. பர்ச்சா அந்த நேரம் பார்த்து வந்து, "என்னடி, இதுக்குள்ள நீயே போயிருவியா?" என்றாள்.

கட்டை மட்டும் எனக்கு வராது. கனம் என்ன, எவ்வளவு உயரத்தில் என்று தெரியவில்லை. காலை அளந்து அனுப்பலாம் என்று நூலை எடுத்துக்கொண்டு போனேன். நூலை இரண்டு துண்டாக்கிவிட்டாள். அதனால் கெமெலின் கையுறையை அனுப்புகிறேன். பத்து வருடம் அவள் உட்கார்ந்த இடம். முன் நகங்கள் எங்கே அழுத்தின, பின் நகம் எங்கே அழுத்தியது என்று தோலிலேயே பள்ளம் விழுந்திருக்கிறது. உன்னைப் போன்ற ஆளுக்கு அது போதும்.

கையுறையைத் திருப்பி அனுப்பிவிடு. கொடுக்கவில்லை, அளவு பார்க்க அனுப்பியிருக்கிறேன்.

உன் உரிமையைப் பற்றி: உன் முகத்தில் யார் முழிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் இரண்டு பேரும் வந்து வாசலில் நின்றாலும் நான் அவளைத் தரமாட்டேன். ஷேராலி பெரியப்பா இல்லை, இந்த ஏரிக்கரையில் இருக்கிற எல்லாப் பெரியப்பாவும் சேர்ந்து வந்தாலும் தரமாட்டேன். பின்வாங்க முடியாதவன் நீ மட்டும்தான் என்று நினைக்காதே.

சைரகான்


கரகோல், மார்ச் 19

அண்ணி,

இத்துடன் கட்டை. இதை எதன் மேலும் சாய்க்காமல் மடியில் வைத்துக்கொண்டு ஓட்ட ஒஸ்மோனிடம் சொல்லியிருக்கிறேன். "மடியில வெச்சா கியர் எப்படிப் போடுறது?" என்றான். அது அவன் பாடு.

வில்லோ மரம். நாலு தடவை செதுக்கினேன். முதல் மூன்றும் சரியில்லை. கையுறையைக் கையில் மாட்டிக்கொண்டு, பள்ளங்களில் ஆணி நுனியை வைத்து அளந்து, அதற்குத் தகுந்த மாதிரி செதுக்கினேன். முன் நகமும் பின் நகமும் ஒன்றோடொன்று முட்டக்கூடாது, முட்டினால் உள்ளங்கால் புண்ணாகும். மேலே சுற்றியிருப்பது இறுக்கிய கம்பளி, அடியில் தைத்திருக்கிறேன், நூலில் நகம் மாட்டாது.

கட்டையைச் சுவர்ப் பலகையில் மாட்டாதீர்கள். சுவர் அதிர்ந்தால் அவளும் அதிர்வாள். அடிப்பலகையில் இரண்டு கால் நட்டு, அதன் மேல் வையுங்கள். கால்களும் அனுப்பியிருக்கிறேன். வால் தரையைத் தொடாத உயரம். ஒரு விரல்கூடக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இது அனுமதி இல்லை. நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள், இது அனுமதி இல்லை. ஒரு மோசமான கட்டைமேல் என் அண்ணன் பறவை இரண்டு நாள் உட்கார்ந்து போவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான்.

நானும் பெரியப்பாவும் 25ஆம் தேதி வருகிறோம். காலைப் பஸ்ஸில். 24ஆம் தேதி வரமாட்டோம்.

கையுறை பிறகு வரும்.

ரிஸ்பெக்


அத்-பாஷி, மார்ச் 28

ரிஸ்பெக்,

24ஆம் தேதி விடியும்போது கிளம்பினேன். வாசலில் ரொட்டி மூடி வைத்திருந்தேனே, பெரியப்பாவுக்குக் கிடைத்ததா?

தோலோன் கணவாயில் பனி. வண்டி இரண்டு தடவை நின்றது, ஒரு தடவை குதிரைக்காரர் ஒருவர் இழுத்துவிட்டார். "பெட்டியில என்ன?" என்று கேட்டார். "மாமியார்" என்றேன். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அவசரமாகப் போய்விட்டார். குழியில் விழும்போதெல்லாம் நின்று காதை வைத்துக் கேட்டேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஒரு இறகுகூட ஒடியவில்லை.

நேற்று முன்தினம் காலையில் மேல் புல்வெளிக்குப் போனேன். வீடு இல்லை, கம்பம் இல்லை, தூரத்தில் பாறை. பெட்டியை இறக்கிக் கதவைத் திறந்து, கை உள்ளே விட்டு, கால் வாரை அறுத்தேன். ஆட்டுத் தொடை ஒன்றைப் புல்லில் போட்டேன். முப்பது அடி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அவள் வரவில்லை.

ஒரு மணி நேரம் பார்த்தேன். இறைச்சியை எடுத்துக் காட்டினேன், பார்த்தாள். "வெளிய வாடி, உனக்காக நான் ஊரைப் பகைச்சுக்கிட்டு வந்திருக்கேன்" என்றேன். அதையும் கேட்டாள். உன் கட்டையைப் பிடித்துக்கொண்டு உள்ளே அப்படியே உட்கார்ந்திருந்தாள். பெட்டியை நீ அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டாய், அவளுக்கு இறங்க மனசில்லை. சாய்த்துக் கொட்டலாம் என்று ஒரு கோபம் வந்தது. பத்து வருடம் உழைத்தவளை மூட்டையைக் கொட்டுகிற மாதிரி கொட்டுவதா? மதியம் ஆகிவிட்டது. வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோய், இந்தா வைத்துக்கொள் என்று உன்னிடம் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். எழுதிவிட்டேன், அடிக்கடி சொல்லிக்காட்டாதே.

அப்புறம்தான் முளை ஞாபகம் வந்தது. ஆணி அடித்திருந்தால் அங்கே ஒன்றும் செய்திருக்க முடியாது. ஒரு கல்லை எடுத்து, ஒவ்வொரு முளையாகத் தட்டினேன். மெதுவாக, அவளோடு பேசிக்கொண்டே. முதலில் கூரைப் பலகை வந்தது. தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம். பிறகு இரண்டு பக்கம். பின்பலகையைக் கடைசியில் எடுத்தேன். ஐந்து பலகையும் புல்லில் கிடந்தது. நடுவில் அடிப்பலகை, அதில் நட்ட இரண்டு கால், மேலே உன் கட்டை, கட்டைமேல் தூமார். சுற்றிலும் வேறொன்றும் இல்லை.

ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். பாறைப் பக்கமிருந்து காற்று வந்தது. இறக்கையை விரித்தாள். நாலு சாண் பெட்டியில் இதுவா உட்கார்ந்து வந்தது என்று இருந்தது எனக்கு. என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. பாறைக்கு மேலே இரண்டு சுற்று, பிறகு அந்தப் பக்கம். நான் உட்கார்ந்து அழுதேன். கெமெல் செத்த அன்று வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், அழ நேரம் கிடைக்கவில்லை. அதையும் சேர்த்து அழுதேன்.

தோங் திரும்பியதும் பலகைகளைக் கட்டி, இந்தக் கடிதத்தோடு ஒஸ்மோனிடம் கொடுத்தனுப்புகிறேன். கட்டையும் அதில் இருக்கிறது. கம்பளியைப் பிரித்துப் பார். எட்டு நகமும் மரம் வரைக்கும் இறங்கியிருக்கிறது. விருந்தில் நான் சொன்னேனே, ஒரு பறவையாவது உன் கையில் உட்கார்ந்திருக்கிறதா என்று. அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அது ஒன்றை மட்டும்.

கையுறை எங்கே?

சைரகான்


கரகோல், ஏப்ரல் 9

அண்ணிக்கு,

25ஆம் தேதி வந்தோம். பூட்டைப் பார்த்தோம். பெரியப்பா ரொட்டியைப் பார்த்தார். உங்கள் வாசல் படியில் உட்கார்ந்து முழுசையும் தின்றுவிட்டு, "பறவையக் கடத்துனவ வீட்டுல இவ்ளோ நல்ல ரொட்டியா? இவமேல நான் தீர்ப்புச் சொல்ல முடியாதுப்பா, உப்பைத் தின்னுட்டேன்" என்று சொல்லிவிட்டார். திரும்பிப் போகும் பஸ்ஸில் கரகோல் வரை தூங்கினார். நான் உள்ளறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஏழு தோல். எண்ணினேன்.

பலகைகள் வந்தன. கட்டையும். கம்பளியைப் பிரித்தேன். பட்டறையில் அப்போது இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பிரித்தேன்.

விருந்தில் கோழி வளர்க்கச் சொன்னேன். நான் சொன்னதையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் ஒன்று, நான் ஒன்று. மற்ற சண்டையெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

இப்போது கேளுங்கள். வருகிற இலையுதிர் காலத்தில் நான் மேல் பாறைக்குப் போய் ஒரு இளம் கழுகைப் பிடிக்கப்போகிறேன். என் சொந்தக் கழுகு. எனக்கு நாற்பத்தொரு வயது, கை நடுங்கும், ஊர் சிரிக்கும். ஒஸ்மோன் இப்போதே சிரித்துவிட்டான். சிரிக்கட்டும். உங்கள் கை மார்ச் வரை நடுங்கியது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஏப்ரல் வரை நடுங்கும், அவ்வளவுதானே.

எல்லோரும் முதலில் பறவையைப் பிடிப்பார்கள், பத்து வருடம் கழித்துப் பெட்டி கேட்டு என்னிடம் வருவார்கள். வரும்போது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, இன்னும் ஒரு குளிர்காலம் இருக்கட்டுமா என்று கேட்பார்கள். நானும் அதே கேள்வியைத்தான் உங்களிடம் கேட்டேன். அதனால் நான் முதலில் பெட்டியைச் செய்துவிட்டேன். அதே பலகை, அதே முளை. இரண்டு முளை மட்டும் உங்கள் கல்லில் உடைந்திருந்தது, புதிது வைத்தேன். பக்கப்பலகையில் ஒரு ஓட்டை கோணலாக இருக்கிறது. அது உங்கள் வேலை. சரி செய்யவில்லை.

பெட்டி பட்டறை உத்தரத்துக்கு மேலே காலியாக இருக்கிறது. நான் தினமும் தலையைத் தூக்கினால் தெரிகிற இடம். பத்துக் குளிர்காலம் முடிந்து நான் அதை இறக்காமல் இருந்தால், நீங்கள் வந்து இறக்குங்கள். என்னைக் கேட்காதீர்கள், நான் கத்துவேன். அதுவரைக்கும் அந்த வண்டியை ஓடுகிற நிலையில் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.

கையுறையை அனுப்ப மாட்டேன். வேண்டுமென்றால் நேரில் வந்து பிடுங்கிக்கொள்ளுங்கள். வரும்போது ரொட்டி கொண்டுவாருங்கள்.

ரிஸ்பெக்